தமிழாசிரியர் பணியும் ஊதியமும்: ஒரு வரலாறு

தமிழாசிரியர் என்பவர் பள்ளியிலோ கல்லூரியிலோ தமிழை மொழிப்பாடமாகக் கற்பிப்பவர். திண்ணைப் பள்ளியில் இவர் வாத்தியார். கும்பினி ஆட்சியில் முன்ஷி. பின்னர் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்ப் பண்டிதர், அதன்பின் புலவர், இன்று பட்டதாரி ஆசிரியர் (தமிழ்), முதுகலை ஆசிரியர் (தமிழ்), கல்லூரியில் உதவிப் பேராசிரியர் எனப் பெயர்கள் மாறி வந்துள்ளன.

தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா, கிடைத்தால் என்ன சம்பளம் என்ற கேள்வி இன்றைய மாணவர்கள் மட்டும் கேட்பது அன்று. இரு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. மக்களுக்குத் தமிழ்மேல் உள்ள பற்று ஒருபோதும் குறைந்ததில்லை. ஆனால் தமிழாசிரியரின் வருமானம் அந்தப் பற்றைப் பின்தொடர்ந்து உயரவும் இல்லை, தாழவும் இல்லை. சம்பளத்தைக் கொடுப்பவர் யார், எந்தத் தேர்வில் தமிழைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள் என்ற இரண்டுமே ஒவ்வொரு காலத்திலும் அதைத் தீர்மானித்துள்ளன. இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும், அதற்கு மேற்கே ஏலமலைச் சரிவின் அடியில் உள்ள குரங்கணியும் இறுதிப் பகுதியில் எடுத்துக்காட்டாக வருகின்றன. மலையின் இந்தப் பக்கம் தமிழ்நாடு அரசும் அந்தப் பக்கம் கேரள அரசும் தமிழாசிரியருக்குச் சம்பளம் தரும் இடம் அது.

திண்ணைப் பள்ளி வருமானம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய கணக்கைக் கேட்டார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். அதன்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. போடிப் பகுதியை உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்தவை 844.

அந்தக் குறிப்பில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆசிரியர்களில் பெரும்பாலோர் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் மன்றோ எழுதினார். மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசு தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆசிரியர் ஊதியத்தை அரசின் கடமையாகப் பார்த்த முதல் ஆவணங்களுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். மன்றோ 1827இல் இறந்தார். அவர் திட்டமும் அதிக காலம் நீடிக்கவில்லை.

ரூபாயில் சொன்ன இந்தக் கணக்கு முழுமையானதும் அன்று. திண்ணை வாத்தியாருக்கு வருமானம் பல வழிகளில் வந்தது. பிள்ளைகள் கொடுத்த மாதச் சம்பளம் சில அணாக்கள். அறுவடையில் நெல். விடுமுறை நாளில் அரிசி, காய்கறி. மகாநவமியில் பிள்ளைகளைக் கோலாட்டக் கோலுடன் வீடு வீடாக அழைத்துச் சென்று பாடவைத்தால் கிடைத்த காசும் துணியும் வாத்தியாருக்கே. மழை பொய்த்தால் இவை அனைத்தும் ஒன்றாக நின்றுபோகும். ஊரார் மதிப்பு மட்டும் நிற்காது. வாத்தியார் வீட்டு அடுப்பை மதிப்பு எரிப்பதில்லை என்பதை அந்தக் காலத்து வாத்தியார்களும் அறிந்தே இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளி வேலையைக் கைவிட்டு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கச் சொல்லிச் சேர்த்த பிடியரிசியும் அப்பள்ளியைத் தாங்கிய வழிகளுள் ஒன்று. மிஷன் சம்பளத்தை மறுத்தவர், ஊரின் அடுப்படியிலிருந்து சம்பளத்துக்கு வழி தேடினார்.

கோட்டையில் தமிழ்

தமிழ் கற்பிக்க அரசே சம்பளம் கொடுத்த தொடக்ககால வேலை, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலையன்று. சென்னையில் 1812இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகள் அங்கே தென்னிந்திய மொழிகளைக் கற்றார்கள். தேறினால் அவர்களுக்குப் படி உயர்வு கிடைத்தது. தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை போன்ற புலவர்கள் அக்கல்லூரியில் பணியாற்றினார்கள். தமிழ் உரைநடையிலும் அச்சு நூலிலும் கல்லூரியின் பங்கு பெரிது.

அந்த வேலை ஏன் உருவானது என்று பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. கலெக்டராக வேண்டியவர் மொழித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. தேர்வு இருந்ததால் ஆசிரியருக்கு இடம் இருந்தது. கல்லூரி 1854இல் மூடப்பட்டது.

கும்பகோணத்து ஐம்பது ரூபாய்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தமிழாசிரியர். அவரிடம் பாடம் கேட்டவர்கள் சம்பளம் கொடுத்துப் படித்தவர்கள் அல்லர். பலருக்கு அவரே உணவும் இடமும் தேடிக் கொடுத்தார். அவருடைய வருவாய் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும், தலபுராணம் பாடியதற்கு ஊரார் தந்த பரிசும்தான். புராணம் அரங்கேறினால் பணம் வரும், அடுத்த அரங்கேற்றம் வரை கடன். அவர் 1876 பிப்ரவரியில் மறைந்தபோது கடன் எஞ்சியிருந்தது.

அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் அவர் பணியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். மடத்தின் அன்பில் வாழ்ந்த குடும்பத்துக்கு, மாதம் பிறந்தால் தவறாமல் வரும் பணம் அதுவே முதல்.

இந்த ஐம்பது ரூபாய் தமிழ் இலக்கிய வரலாற்றில் பேசப்படுவதைவிட அதிகமாகப் பேசப்பட வேண்டியது என்பது என் கருத்து. சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை அடுத்த பதினொரு ஆண்டுகளில் வெளிவந்தன. ஏடு தேடிய பயணங்களுக்கும் அச்சுச் செலவுக்கும் கையொப்பக்காரர்களும் புரவலர்களும் உதவினார்கள். ஆனால் வீட்டில் உலை கொதித்தது அரசுச் சம்பளத்தால். ஆசிரியர் 50 ரூபாய் என்றும், மாணவர் அதே கல்லூரியில் படித்து முடித்து அரசு வேலைக்குப் போனால் சில ஆண்டுகளில் அதைத் தாண்டுவார் என்றும் இருந்த நிலையையும் மறக்கக் கூடாது. 1890களின் இறுதியில் அமைந்த இந்தியக் கல்விப் பணியில் ஐரோப்பியப் பேராசிரியரின் தொடக்கச் சம்பளம் 500 ரூபாய். ஒரே கட்டடம், ஒரே மணியடிப்பு, பத்து மடங்கு வேறுபாடு. சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919 வரை பணியாற்றினார்.

பாடத்திட்டத்தில் ஒரு வரி

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் யோசனை 1902இல் எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (பரிதிமாற் கலைஞர்) அதை எதிர்த்தார். மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்தவர் அவர். மு. சி. பூரணலிங்கம் பிள்ளை முதலியோரும், முந்தைய ஆண்டில்தான் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவியிருந்த தமிழ்ச் சங்கத்தாரும் அவருடன் நின்றார்கள். யோசனை கைவிடப்பட்டது. சூரியநாராயண சாஸ்திரியார் 1903இல், 33 வயதில் மறைந்தார்.

இதை மொழிப்பற்றின் வெற்றியாக மட்டும் எழுதுவது வழக்கம். பணியிடங்களின் கணக்காகவும் படிக்க வேண்டும். பட்டப் படிப்பில் தமிழ் இல்லையென்றால் கல்லூரியில் தமிழாசிரியர் தேவையில்லை. கல்லூரிக்குத் தேவையில்லாத பாடத்தை உயர்நிலைப் பள்ளி எதற்காக வலுவாக நடத்தும்?

அச்சம் வீண் அன்று என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. அதே கல்லூரியில் 1898 முதல் பணியாற்றிய வேதாசலம், அதாவது மறைமலையடிகள், 1911இல் வேலையிழந்து பல்லாவரத்தில் குடியேறினார். பல்கலைக்கழகம் தன் விதிகளை மாற்றியமைத்தபோது தமிழ் முன்போலக் கட்டாயமாக இல்லாமல் போனதே காரணம். அவருடைய புலமையில் குறை கண்டவர் யாருமில்லை. பாடத்திட்டத்தின் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் இதே விதி வேலை செய்யும். இன்று தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரி ஒவ்வொன்றிலும் தமிழ்த்துறை இருப்பதற்குக் காரணம், பட்டப் படிப்பில் தமிழ் 'பகுதி ஒன்று' என்று இருப்பது. வேதியியலோ வணிகவியலோ படிக்கும் மாணவரும் தொடக்கப் பருவங்களில் தமிழ் எழுதித் தேற வேண்டும். தமிழ் இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர் ஐம்பது பேர் என்றால் பகுதி ஒன்றில் தமிழ் படிப்பவர் ஆயிரம் பேர். ஆசிரியருக்கு வேலை தருவது அந்த ஆயிரம் பேர்.

1968 சனவரியில் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றபோது அரசுப் பள்ளிகளில் இந்திப் பாடம் நின்றது. அதுவரை இந்தி கற்பித்தவர்களின் பணியிடங்கள் தேவையற்றவையாயின. கொள்கை சரியா தவறா என்ற வாதம் தனி. மொழியாசிரியரின் பிழைப்பு கொள்கை முடிவின்மேல் நிற்கிறது என்பது எம்மொழிக்கும் பொது.

பண்டிதரும் பி.டி.யும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உயர்நிலைப் பள்ளிகளில் இருவகை ஆசிரியர்கள் இருந்தார்கள். எல்.டி. அல்லது பி.டி. முடித்த பட்டதாரி ஒருபுறம், தமிழ்ப் பண்டிதர் மறுபுறம். பண்டிதர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் ஆகிய தேர்வுகளையோ, பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வையோ எழுதியவர். யாப்பருங்கலக் காரிகையிலும் தொல்காப்பிய உரைகளிலும் ஊறியவர். ஆங்கிலம் இல்லாததால் அவர் பட்டதாரி ஆகமாட்டார். பட்டதாரி அல்லாததால் ஊதிய விகிதம் தனி, அதுவும் கீழே. தலைமையாசிரியர் நாற்காலி அவருக்கு எட்டாது. மாணவர்கள் பண்டிதரின் குடுமியையும் தலைப்பாகையையும் கேலி செய்வதைப் பழைய கதைகளில் படிக்கலாம். அந்தக் கேலிக்குப் பின்னால் ஊதியப் பட்டியல் இருந்தது.

பாரதியார் 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். அரசஞ் சண்முகனார் விடுப்பில் சென்ற இடத்தில் கிடைத்த தற்காலிக வேலை. சம்பளம் பதினேழரை ரூபாய். அங்கிருந்து சென்னைக்குச் சென்று சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியரானார். திரு. வி. கல்யாணசுந்தரனாரும் சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, 1917இல் அதை விட்டுவிட்டுத் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானவர். தமிழை வைத்துப் பிழைக்கப் பள்ளிக்கு வெளியே திறந்த முதல் கதவு பத்திரிகை. கதவு அகலமானது. உள்ளே சம்பளம் உறுதியில்லை என்பதை இருவர் வாழ்க்கையும் காட்டும்.

பள்ளியிலேயே இருந்தவர்களில் தேவநேயப் பாவாணரைச் சொல்லலாம். 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் தேறிய அவர் ஆம்பூர், மன்னார்குடி, திருச்சி எனப் பல ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றி, சேலம் நகராட்சிக் கல்லூரியை அடைந்தார். 1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1961இல் அங்கும் வேலையிழந்தார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்குநராகத் தமிழ்நாடு அரசு அவரை அமர்த்தியது 1974இல். அப்போது அவருக்கு வயது 72.

இந்த இருவகைப் பிரிவைத் தாண்டிய பாதையை மு. வரதராசனாரின் வாழ்க்கையில் காணலாம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வெழுதினார். திருப்பத்தூர்ப் பள்ளியில் தமிழாசிரியரானார். வேலையில் இருந்தபடியே கீழ்த்திசை மொழிப் பட்டமான பி.ஓ.எல். பெற்று 1939இல் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பண்டிதராகத் தொடங்கிய ஒருவர் பல்கலைக்கழகத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்ததைப் பார்த்த அக்காலத் தமிழ் மாணவர்களுக்கு அது ஒரு செய்தி. அவர் ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்வு எழுதியிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வித்துவான் என்ற பட்டம் பின்னாளில் புலவர் என்றும், அதன்பின் பி.லிட். என்றும் மாறியது. தமிழ்ப் பண்டிதப் பயிற்சி போய் பி.எட். வந்தது. மற்றப் பாட ஆசிரியருக்கு உள்ள அதே தகுதி, அதே ஊதியம் என்ற நிலைக்குத் தமிழாசிரியர் வந்து சேர இவ்வளவு பெயர் மாற்றங்கள் தேவைப்பட்டன.

கடல் கடந்த தோட்டப் பள்ளிகள்

மலாயாவில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத் துரைமார்கள் சட்டத்துக்குப் பள்ளி காட்டினார்கள். கங்காணியும் கிராணியும் மருந்துக்காரரும் ஓய்வு நேரத்தில் தமிழ் கற்பித்த கொட்டகைகளும் அவற்றில் உண்டு. சம்பளம் தந்தவர் தோட்டக்காரர். அவருக்குப் பால்வெட்டக் கை தேவைப்பட்டதே தவிர, எழுதக் கை தேவைப்படவில்லை. இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன.

அரசுச் சம்பளத்துக்கு வந்த கதை

விடுதலைக்குப் பின் காமராசர் ஆட்சியில் சிற்றூர்களில் தொடக்கப் பள்ளிகள் பெருகின. பல இடங்களில் அவை ஓராசிரியர் பள்ளிகள். பள்ளிகள் பெருகியதால் வேலை பெருகியது. ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் சேர்த்த முப்பயன் திட்டம் 1955 ஏப்ரலில் ஆசிரியர்களுக்கு வந்தது. அதற்கு முன் உதவிபெறும் பள்ளியில் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு மகனும் ஊரும்தான் ஓய்வூதியம்.

தனியார் பள்ளி நிருவாகத்தின் கையிலிருந்து ஆசிரியரைக் காக்க 1973இல் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியராயினர். நீண்ட போராட்டங்களுக்குப் பின் 1988 ஜூன் 1 முதல் மத்திய அரசு ஆசிரியருக்கு நிகரான ஊதிய விகிதம் கிடைத்தது. என் தலைமுறை ஆசிரியர்கள் வீடு கட்டியதும், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்ததும் அந்த ஆணைக்குப் பின்புதான்.

பின்னடைவும் விரைவில் வந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்றானது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அக்காலத்தில் புதிதாக நியமிக்கப்பட்டவர்களுக்குத் தொகுப்பூதியம்: இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500 ரூபாய். ஒரே வகுப்பறைச் சுவரின் இந்தப் பக்கம் காலமுறை ஊதியம், அந்தப் பக்கம் அதில் கால்பங்குகூட இல்லை. 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

இன்றைய வேலைவாய்ப்பு

2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. இடைநிலை ஆசிரியருக்கு 20,600. அகவிலைப்படியும் மற்றப் படிகளும் சேர்ந்தால் பட்டதாரி ஆசிரியரின் மாத ஊதியம் தொடக்கத்திலேயே 50,000 ரூபாயைத் தாண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. தமிழுக்கும் கணிதத்துக்கும் இங்கே வேறுபாடு இல்லை. பண்டிதர் காலத்துத் தாழ்வு தீர்ந்தது.

ஆனால் அந்த ஊதியத்தை அடையும் வாசல் ஒடுங்கிவிட்டது. நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் ஏறத்தாழ 2,450 பேர். அதன் பின்னும் தகுதித் தேர்வில் தேறிய பல்லாயிரம் பேர் நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். தகுதிச் சான்று வேறு, நியமன ஆணை வேறு என்பதை மாணவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பணியில் உள்ள ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களும் இத்தேர்வில் தேற வேண்டும் என்றது.

காலியிடங்களை நிரப்பும் இடைக்கால ஏற்பாட்டில் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டனர். முதலில் அறிவித்த மாத ஊதியம் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். பின்னர் சற்று உயர்த்தப்பட்டது. அரசுக் கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ் வகுப்புகளில் பெரும்பங்கை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய். வகுப்புக்கு 1,500 எனக் கணக்கிட்டு மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கூறியிருந்தது. பண்டிதர், பி.டி. என்று முன்பு இருந்த கோடு இன்று நிரந்தரம், தற்காலிகம் என்று இடம் மாறியிருக்கிறது. தனியார் பள்ளிகளின் நிலை ஊருக்கு ஊர் வேறுபடும். சிறு நகரங்களில் எம்.ஏ., பி.எட். முடித்த தமிழாசிரியர் ஜவுளிக்கடை விற்பனையாளரைவிடக் குறைவாக வாங்குவதை நானே அறிவேன்.

தேர்வு வேலையை உருவாக்கும் என்ற பழைய விதி 2006இலும் 2021இலும் மீண்டும் செயல்பட்டது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் தமிழாசிரியரைத் தேடின. 2021 டிசம்பரில் வந்த ஆணை, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாள்கள் திருத்தப்படா என்றது. அதன்பின் பயிற்சி மையங்களில் தமிழ் நடத்துவோருக்குக் கிராக்கி கூடியது. இவ்வேலையில் ஓய்வூதியம் கிடையாது. நன்றாக நடத்துபவருக்கு மாணவர் உண்டு, அவ்வளவே. செய்தி மக்கள் தொடர்புத் துறை, மொழிபெயர்ப்பு, தொலைக்காட்சி, கொடைக்கானல் பண்பலை போன்ற வானொலி நிலையங்கள் எனப் பிற வழிகளும் உள்ளன. பணியிடங்கள் சிலவே.

ஏலமலைச் சரிவில்

குரங்கணி, போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கொட்டகுடி ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலையின் கடைசி ஊர். அதற்குமேல் நடைபாதை. சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூரைத் தாண்டி ஏறினால் டாப் ஸ்டேஷன் வரும். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் அங்கிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பது அதனால்தான். பலர் இந்த ஊரை 2018 மார்ச்சில் மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்த காட்டுத் தீயால் அறிந்திருப்பார்கள்.

இந்தப் பகுதியின் வேலை ஏலக்காய். விடியுமுன்பே போடியிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும். காய் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை வரை நீளும். சிலர் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு.

தமிழாசிரியர் பணியிடத்துக்கும் காய் பறிப்புக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடத்தை, ஆகஸ்டு 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயம் செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி'. அவரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். மலையடிவாரப் பள்ளியில் அந்த நாள் பறிப்புக் காலத்தில் விழுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை குறைந்தது மூன்று ஆசிரியர் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது: அறிவியல் கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். மொழிகளுக்கு ஒருவர் என்றால் அவர் தமிழாசிரியராகவும் இருக்கலாம், ஆங்கில ஆசிரியராகவும் இருக்கலாம். சிறிய பள்ளியில் தமிழ் ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்கிறது. சூலை கடைசி வாரத்தில் தோட்டத்துக்குப் போன பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவர ஆசிரியர்கள் வீடு வீடாகச் செல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அப்படிச் சென்ற ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஒருமுறை ஒரு தாய், "பிள்ளைக்காக வந்தீங்களா சார், கணக்குக்காக வந்தீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். சிரித்துக்கொண்டே பையனை அனுப்பினார்.

மலைக்கு அந்தப் பக்கம் நிலை வேறு. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. தமிழர் அதிகம் வாழும் அப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் தொடர்ந்தன. 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் பணியிடங்களுக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. கேரளத்தின் தகுதித் தேர்வான கே-டெட் எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இணைச் சான்று தேவைப்படலாம். மூணாறு, உடும்பஞ்சோலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். போடியிலும் தேனியிலும் தமிழ் படிப்பவர்களில் பலர், கண்ணுக்குத் தெரியும் மலைமேல் தமிழாசிரியர் வேலை இருப்பதை அறியாமலே சென்னைத் தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் ஆங்கிலவழிப் பள்ளியை நாடுவதால் அங்கும் வகுப்பறைகள் சுருங்குகின்றன. ஆகவே அந்த இடங்கள் என்றும் இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அடிவார ஊர் மாணவி ஒருத்தி, தமிழ் இலக்கியம் எடுக்கலாமா என்று கேட்க வந்தாள். அவளுடைய அம்மா காய் பறிக்கப் போகிறவர். பட்டம் மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு, அதன்பின் தகுதித் தேர்வு, அதன்பின் நியமனத் தேர்வு என்று தாளில் எழுதிக் காட்டினேன். பக்கத்தில் 36,400 என்றும் 10,000 என்றும் இரண்டு தொகைகளை எழுதி, படிப்பு ஒன்றே என்றாலும் இரண்டில் எது கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றேன். முதல் தொகைக்கு எத்தனை இடம், எத்தனை பேர் என்று கேட்டாள். கே-டெட் பற்றியும் சொன்னேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் கல்லூரி இருக்கிறது, தங்கிப் படிக்கும் செலவு இல்லை. இப்போது முதலாண்டு தமிழ் இலக்கியம் படிக்கிறாள். மலையாள எழுத்துகளையும் கைப்பேசியில் பார்த்துப் பழகி வருகிறாள்.